ரயில் சக்கரத்தில் ஒரு பெயர்

கோபக்காரனுக்கு,

வியாழனன்று நியூபோர்ட் துறைமுகம் வந்துவிடுவோம். கப்பலில் சாப்பாடு மோசமில்லை.

போன வருடம் கடலை ஆராய இறக்கிய கருவிகளை இன்று மேலே எடுத்தோம். அவை நகராமலிருக்க அடியில் பழைய ரயில் சக்கரம் ஒன்றைக் கட்டினோமே, நினைவிருக்கிறதா? வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் மஞ்சள் மிதவைகளில் பெயர் எழுத, நம் டெஸ்ஸா மட்டும் சக்கரத்தில் எழுதினாள். "அடி லூசு, மிதவைதான் திரும்ப வரும். சக்கரம் அங்கேயே கிடக்கும்" என்று நீ சிரித்தாய். "கிடக்கட்டுமே, மீனாவது படிக்கும்ப்பா" என்றாள்.

சக்கரத்தைக் கழற்றிவிடும் பொத்தானை அமுக்குவது என் வேலை. இன்று கை எழவில்லை. மூத்த மாலுமி லாயல் பக்கத்தில் வந்தார். ஏப்ரலில் அவள் கல்லறைக்கு வந்திருந்தாரே, அவர்தான். "நான் அமுக்கட்டுமாம்மா?"

"வேண்டாம். அவ என் பொண்ணு."

நானே அமுக்கினேன். அரை மணியில் மிதவைகள் மேலே வந்தன. எல்லோர் பெயரும் அழியாமல் இருந்தது.

அவள் அறையைக் காலி செய்யலாமா என்று மூன்று முறை கேட்டாய். செய்துவிடு. கட்டிலுக்கடியில் இருக்கும் மழைக்கால பூட்ஸை மட்டும் தொடாதே.

வியாழனன்று துறைமுகத்துக்கு வா. தனியாக இறங்க என்னால் ஆகாது.

உன் பிடிவாதக்காரி