கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால்

சட்டையைக் கழற்றி வாளியில் ஊறப் போட்டுவிட்டேன். ஆனாலும் ஈரச் சாம்பல் வாடை கையை விட்டுப் போகவில்லை. இன்று மத்தியானம் சாயப்பட்டறையில் பாய்லர் நெருப்பை நான்தான் அணைத்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். செத்தவனைப் புகழ்வார்கள் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை விட்டுவிடு. நான் வைய வந்திருக்கிறேன்.

பாய்லர் சர்டிபிகேட் பரீட்சைக்கு நாம் படித்த காலத்தில், டூட்டி முடிந்ததும் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து மாதிரி வினாத்தாள்களைப் பிரிப்போம். மற்ற நேரமெல்லாம் "டேய் மாப்ள" என்பவன், தாளைக் கையில் எடுத்ததும் பரீட்சை நடத்தும் ஆபீசராகிவிடுவாய். உன் ஊரான ஊத்துக்குளியின் மரியாதை பொங்கி வழியும்.

"ஏனுங்க, கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டமே தெரியலீங்க. என்னங்க பண்ணுவீங்க?"

பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டும் குழாய் அது. பம்பைப் போட்டுத் தண்ணீர் ஏற்றுவேன் என்பேன். என்னைப் போன்ற விருதுநகர்ப் பக்கத்துக்காரனுக்கு, தண்ணீர் இல்லையென்றால் ஊற்றத்தான் தெரியும்.

தாளில் பெரிதாகப் பெருக்கல் குறி போடுவாய். "செத்துட்டீங்க. அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

பிறகு விளக்கம் தொடங்கும். பாய்லருக்குள் வறண்டு பழுத்த இரும்புக் குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கும். நெருப்பை ஊதும் காற்றாடியை நிறுத்து, ஈரச் சாம்பலைப் போட்டு நெருப்பை மூடு, பம்பு பக்கமே போகாதே. ஒவ்வொரு டெஸ்டிலும் இந்தக் கேள்வியைச் செருகுவாய். டீக்கடையில் வடையைக் கடிக்கும்போதும் கேட்பாய். எனக்கு எரிச்சலாக வரும், சண்டைகூடப் போட்டிருக்கிறேன். கடைசியில் நேர்முகத் தேர்வில் அதையேதான் கேட்டார்கள். இருவரும் தேறினோம். உனக்கு மார்க் அதிகம்.

அந்த மார்க்கைக் கொண்டுபோய் எந்தக் குப்பையில் போட்டாய்?

உன் ஷிப்டில் மட்டம் தெரியாமல் போனது. நீயே மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாய். ஸ்டீம் நின்றால் சாயத்தில் ஓடும் துணி திட்டுத் திட்டாகிவிடும், ஏற்றுமதி லாட், எப்படியாவது ஓட்டு என்றிருக்கிறார். நீ "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பம்பைப் போட்டாய். வாசலில் நின்ற விறகு லாரிக்காரர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

அந்தச் "சரிங்க"வை நினைத்தால் வயிறு எரிகிறது. எனக்கு ஆயிரம் தடவை போட்ட பெருக்கல் குறியை உனக்கு ஒரு தடவை போட்டுக்கொள்ள முடியவில்லையா? மேனேஜரை நான் வையாத நாளில்லை. ஆனால் அந்த ஆள் பரீட்சை எழுதவில்லை, நீ எழுதினாய். உன் மனைவி இப்போது பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை இன்னும் நாலு வார்த்தை சேர்த்து வைகிறேன்.

உன் இடத்துக்கு என்னைத்தான் போட்டார்கள். பாய்லர் புதுசு, மேனேஜர் அதே ஆள். இன்று கண்ணாடி காலியாக நின்றது. அதன் அடியில் உள்ள சோதனைக் குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீருக்குப் பதில் ஆவிதான் வந்தது.

"லாட் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது? பம்பப் போடுங்க" என்றார்.

என் கை சுவிட்ச் வரைக்கும் போனது. பொய் சொல்ல மாட்டேன், போனது. அப்போதுதான் உன் சனியன் பிடித்த ஆபீசர் குரல் காதுக்குள் கேட்டது. காற்றாடியை நிறுத்திவிட்டுச் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். லாட் வீணாகிவிட்டது. சாயங்காலமே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நாளைக் காலையில் புது ஆள் வருகிறானாம்.

அவன் வருவதற்கு முன்னால் கேட்டுக்கு வெளியே நான் நிற்பேன். உன் கேள்வியை அவனிடம் கேட்பேன், அதே மரியாதையோடு. பம்பைப் போடுவேன் என்று சொன்னால், செத்துட்டீங்க என்பேன். புரியும்வரை திரும்பத் திரும்பக் கேட்பேன். அடுத்த ஆளை வரச் சொல்வதை மட்டும் செய்ய மாட்டேன். உனக்கு அடுத்த ஆளாக நான் போய் நின்றது போதும்.