துண்டுக்குள் போன ஆர்மோனியம்

அண்ணாச்சி,

நேற்று மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு பழைய ஆர்மோனியம் பார்த்தேன். கைப்பிடியில் நூல் கட்டி, அட்டையில் விலை எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். போகிற வருகிற யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எனக்கு வயிறு எரிந்தது. நம் காலத்தில் இப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் என் பிழைப்பு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

எழுபதுகளின் நடுவில் நான் சுக்குக் கிடங்கில் கணக்குப்பிள்ளை. நீங்கள் மிளகுத் தரகர். இருவருமே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஞாயிறு மாலை உங்கள் மாடியறையில் நீங்கள் பாடுவீர்கள், உங்கள் ஆர்மோனியத்தை நான் வாசிப்பேன். அப்போதுதான் எரணாகுளத்துப் பாட்டுக் குழு ஒன்று, சொந்த ஆர்மோனியப் பெட்டி இருந்தால் என்னைச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னது. கிடங்குத் தூசியிலிருந்து தப்பிக்க எனக்கு இருந்த ஒரே வழி அது. புதுப் பெட்டி வாங்க எனக்கு ஏது வக்கு? பழையது தேடி உங்களைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். விலை பேசுவதில் உங்களை மிஞ்ச அந்தச் சந்தையில் ஆள் கிடையாதே!

யூதத் தெருவில் ஒன்று கிடைத்தது. ஊரைவிட்டுப் போகும் குடும்பம் ஒன்று பழைய சாமான் கடைக்கு விற்ற பெட்டி. துருத்தியில் ஓட்டை இல்லை, ஒரு கட்டைகூட இறுகவில்லை. வாசித்துப் பார்க்க உட்கார்ந்தவன் ஒரு முழுப் பாட்டையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

"வாயை மூடிக்கிட்டு நில்லுலே. ஆசையைக் காட்டினா விலையை ஏத்திருவான்" என்று காதைக் கடித்தீர்கள். பிறகு மிளகுக்குச் செய்வதுபோலவே தோள் துண்டை எடுத்துக் இக்கா என்று எல்லோரும் கூப்பிடும் கடைக்காரரின் கைமேல் போட்டு, உள்ளே விரல் பிடித்து விலை பேசினீர்கள். துண்டுக்குள் நடப்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் நிற்பவன் என்ன விலை என்று கேட்பது முறையில்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். துண்டை உதறித் தோளில் போட்டீர்கள்.

"கொள்ளை விலை சொல்லுதான். உன் ஒரு வருஷச் சம்பளம் பத்தாது. வா, சாயா குடிப்போம்."

அடுத்த வாரம் போனபோது பெட்டி விற்றுப்போயிருந்தது. பிறகு சுள்ளிக்கல்லில் ஒன்று, கலூரில் ஒன்று. இரண்டிலும் அதே துண்டு, அதே சாயா. குழு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டது. "விடுலே, இதைவிட நல்லது வரும்" என்றீர்கள். நானும் மடையன்மாதிரி நம்பினேன்.

எண்பதுகளில் ஒரு நாள் அந்த இக்கா என்னைப் பிடித்து நிறுத்தினார். "எந்தா, நீ அன்னைக்கு அந்தப் பெட்டி வேண்டாம்னு போயிட்டே? நீ வாசிச்சது கேட்டு பாதி விலையல்லோ நான் சொன்னேன்! உங்க அண்ணாச்சிதான் வேண்டாம்னு என் கையை விட்டாரு."

நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். கேட்டேன். நீங்கள் மறுக்கக்கூட இல்லை.

"ஆமா, நான்தான் கலைச்சேன். மூணையும். நீ எரணாகுளம் போயிட்டா எனக்கு யாருலே வாசிப்பா?"

அடப்பாவி மனுஷா! எவ்வளவு சாவகாசமாகச் சொன்னீர்கள்! சோற்றிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை.

"நீங்க பாடுறதெல்லாம் ஒரு பாட்டா? வேற எவனும் வரமாட்டான்னுதானே என்னைக் கட்டிப் போட்டீங்க!" என்று கத்திவிட்டுப் படியிறங்கினேன். அதன்பிறகு நீங்கள் பாடவே இல்லை என்று மதினி ஆள் அனுப்பிச் சொன்னார்கள். அப்போதும் நான் வரவில்லை. உங்கள் சாவுக்குத்தான் மறுபடி அந்தப் படியேறினேன்.

"போகாதலே" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருந்திருப்பேன், அண்ணாச்சி. சத்தியமாக இருந்திருப்பேன். கிடங்கிலேயே கிடந்து தும்மிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்திருப்பேன். என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையை விலை பேசினீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்கள் மேல் கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

ஆனால் அன்று நான் கத்தியது பொய். உங்களைப்போலப் பாடி ஒருவரையும் இன்றுவரை நான் கேட்டதில்லை. அது பொய்யென்று தெரியாமலே நீங்கள் போய்விட்டீர்கள்.