செத்த வீட்டுத் தப்பு

கொட்டகலை

தம்பிக்கு,

போன எடுக்க மாட்டேங்கிற, அதனாலதான் எழுதுறேன். நல்லா இருக்கியான்னு கேக்கல.

அப்பா சாவுக்கு நீ வரல. லண்டன்ல ஷோன்னு சொன்ன, சரின்னு விட்டோம். அன்னைக்கு நம்ம ஆளுங்க, அப்பா அடிச்ச மாதிரியே தப்பு மேளம் அடிச்சாங்க. சித்தப்பா மகன் அத வீடியோ எடுத்துப் போட்டான். ஒன் ரசிகனுங்க, ஒன் கிட்டார் பாட்டுல இருந்து திருடுன தாளம்னு ஏசுறானுங்க. நேத்து ஒன் பாட்டுக் கம்பெனிக்காரன் அந்த வீடியோவையே தூக்கிட்டான். அந்தத் தாளம் ஒனக்குச் சொந்தமாம்.

அது யார் தாளம்டா? விடியக்காலம் தோட்டத்து வேலைக்கு, பெரட்டுக்கு ஆள் கூப்பிட, நம்ம லயத்து வீடுங்க வாசல் வாசலாப் போய் அப்பா அடிச்சது. அதக் கேட்டுத்தான் நீயும் எழும்பின. டிவியில மட்டும் கனவுல வந்துச்சுங்கிற! தப்புக்காரன் மகன்னு சொல்ல வாய் கூசுதா? கிட்டாரோட நீ நிக்கிற படத்தச் செவுத்துல ஒட்டி, அதப் பாத்துக்கிட்டேதான் அந்த மனுசன் கண்ண மூடுனாரு.

ஞாயித்துக்கெழமை கருமாதி. அதே அடியத்தான் அடிக்கச் சொல்லியிருக்கேன். தடுக்கணும்னா கம்பெனிக்காரன அனுப்பாத. நீயே வந்து முன்னால நில்லு.

அக்கா