டாக்டரைக் கடித்த அம்மா

பினாங்கு
ஜூன் 1934

அன்பு மகள் ரீத்தாவுக்கு,

சர்வேசுரன் துணையால் இங்கே எல்லோரும் சுகம். உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. அம்மா நன்றாயிருக்கிறாள். அடுப்படியில் முறுக்கு கடிக்கிற சத்தம் இங்கே வரை கேட்கிறது.

போன மாதம் அவளுக்குக் கன்னம் வீங்கியதல்லவா? டவுனில் கண்ணாடி அலமாரி நிறையப் பல் செட் அடுக்கி வைத்திருக்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் வாய்க்குள் ஒரு பார்வை பார்த்தார். எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டு செட் கட்டிக்கொள்ளச் சொன்னார். நானும் நம்பி நாள் குறித்துவிட்டேன். அம்மா அன்றெல்லாம் கண்ணாடி முன்னால்தான் நின்றாள்.

அப்போதுதான் அவளுக்கு நீ எழுதிய கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸராக இருக்கும் உன் வீட்டுக்காரர், வேறொரு டாக்டரிடம் காட்டாமல் ஒரு பல்லையும் எடுக்க வேண்டாமென்று சொன்னதாக எழுதியிருந்தாய். சொன்னது வேறு மதத்துக்காரரான அவர் என்பதால் நான் காதில் வாங்கவில்லை. அம்மா விட்டால்தானே! மாப்பிள்ளை சொன்னபடி இன்னொருவர் பார்க்காமல் வாயைத் திறக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் அவரை மாப்பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சரியென்று பர்மா ரோட்டில் டாக்டர் லிம் என்ற வயதான சீனரிடம் போனோம். அவர் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு அசைத்துப் பார்த்தார். கடைவாய்ப் பல்லில் கை பட்டதுதான் தாமதம், அம்மா அவர் விரலைக் கடித்துவிட்டாள்! நான் பதறி எழுந்துவிட்டேன். அவரோ விரலை உதறிக்கொண்டே, இப்படிக் கடிக்கிற பல்லையா பிடுங்கச் சொன்னார்கள் என்று மலாய் மொழியில் கேட்டுச் சிரித்தார். சொத்தை அந்த ஒன்றில்தானாம். அதை மட்டும் எடுத்தார். மற்ற பற்களில் தனக்கு வேலையில்லை என்று அனுப்பிவிட்டார். அம்மா வாயில் பஞ்சோடு வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் கோயில் திருவிழா. நீங்கள் இரண்டு பேரும் வரவேண்டும். அவருக்குக் கோயிலுக்கு வரக் கட்டாயமில்லை, வீட்டுக்கு வரட்டும். பாலிக் புலாவ் தோட்டத்து டுரியான் பழம் வர ஆரம்பித்துவிட்டது. அவருக்குப் பிடிக்குமா என்று அம்மா கேட்கிறாள். நானும்தான் கேட்கிறேன்.

எந்த ரயில் என்று எழுது. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். ராத்திரி ஜெபத்தில் இப்போது இரண்டு பேர் பெயரையும் சொல்கிறேன். திருநாவுக்கரசு என்ற பெயர் வாய்க்குப் பழகிவிட்டது. தேவமாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உனக்கு அப்பா, அவருக்கு மாமா,
ஆரோக்கியநாதன்