சாராய வாடைக்காக வெளியே படுக்க வைக்கப்பட்டவர்

அனுப்புநர்:
செ. முத்தம்மா, வயது 54,
க/பெ. காலஞ்சென்ற செங்கல்வராயன்,
காட்டுமேட்டுக் குப்பம், பொன்னேரி தாலுகா.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட சுகாதார அதிகாரி அவர்கள்,
முகாம்: மேட்டுவாயல் அரசு ஆஸ்பத்திரி.

பொருள்: என் வீட்டுக்காரரைப் பார்க்காமலே விட்டது பற்றியும், அவர் அண்ணனை இன்றே பார்க்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள். என் வீட்டுக்காரருக்கு வயது அறுபத்திரண்டு. தினமும் குடிப்பார். போன வருஷம் குப்பத்துக்கு வரும் நர்ஸ் விக்டோரியா அம்மாளிடம் அதை நிறுத்த வழி கேட்டேன். "இந்த வயசுல திருந்தி இன்னா கலெக்டராவப் போறாரா? வுடும்மா" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

2. இம்மாதம் சர்க்கார் சாராயக் கடைகளை மூடியதும், இருந்த சரக்கு தீர்ந்து குடி நின்றது. சந்தோஷப்பட்டேன். நாலாம் நாள் கை உதறியது. சுவரில் மீன் ஓடுகிறது என்று பிடிக்கப் போனார். ஏரிக் குளிரில் நடுங்குகிறவர்களுக்கு மாரிலும் உள்ளங்காலிலும் சாராயம் தேய்ப்பது எங்கள் வழக்கம். அவருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்ததைத் தேய்த்து, 9ஆம் தேதி இங்கே கூட்டி வந்தேன்.

3. இங்கேயும் அதே விக்டோரியா நர்ஸம்மாதான். கிட்டே வந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டார். "ஃபுல்லா ஏத்திக்கினு வந்துகீறாரு. வெளிய படுக்க வை, தெளிஞ்சதும் இட்டுக்கினு போ" என்றார். நாலு நாளாகக் குடிக்கவில்லை, மேலே தேய்த்தது என்று சொன்னேன். நம்பவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை. வராந்தாவில் மூன்று தடவை வலிப்பு வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு உயிர் போயிற்று. அந்த அம்மாள் கெட்டவரில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு ஊசி போட வெயிலில் நடந்தே வருவார். கிழவன், குடிகாரன் என்றால் மட்டும் பார்க்க மாட்டார்.

4. அவர் அண்ணன் அரசப்பன், வயது அறுபத்தெட்டு, என்னோடுதான் இருக்கிறார். அவரும் குடிப்பவர்; கடை மூடிய பிறகும் எங்கோ வாங்கிக் குடித்தார். தம்பி போன பயத்தில் திங்கட்கிழமையோடு விட்டுவிட்டார். இன்று நாலாம் நாள். காலையில் கஞ்சிக் கிண்ணம் கையில் நிற்கவில்லை. செத்த தம்பியைக் கூப்பிட்டுப் பேசுகிறார்.

ஐயா, இவருக்கு நான் எதையும் தேய்க்கவில்லை. சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, சலவை வேட்டி கட்டிக் கூட்டி வந்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் மோந்து பார்க்கலாம். இன்றும் அதே நர்ஸம்மாதான் டியூட்டியில் இருக்கிறார். உள்ளே வர பயமாக இருக்கிறது. டாக்டர் தொட்டுப் பார்க்கும்படி தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தாங்கள் கூப்பிட்டால் வருவோம்.

மூன்றாம் வகுப்பு படித்தவள். பிழை இருந்தால் பொறுக்கவும்.

இடம்: மேட்டுவாயல் ஆஸ்பத்திரி வாசல்
நாள்: 26-9-1974, காலை 9 மணி

இப்படிக்கு,
செ. முத்தம்மா