ஹோசியத் அத்தை கேட்ட கேள்வி

கோக்தெபா
அக்டோபர் 11, இரவு

என் அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே அம்மா. வழக்கம்போல உன் அறையில் இருக்கும் அக்காமாருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டவும் வேண்டாம். அவர்களில் இரண்டு பேர் நம் ஊர்க்காரர்கள். இன்று நீ வாசித்தால் நாளைக் காலை நம் தெரு ரொட்டி அடுப்பு வரைக்கும் செய்தி வந்துவிடும். படித்ததும் கிழித்துவிடு. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நாம் பேசும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். அவருக்கும் உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அதனால்தான் இங்கிருந்து ரஷ்யாவுக்கு, நீ இருக்கும் கசான் வரைக்கும் பஸ் ஓட்டும் நோர்பாய் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் எண்ணெய் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரப்போகிறது. நிலக்கரிக் கொதிகலனை எடுத்துவிட்டு, பருத்திக்கொட்டைத் தொலியை எரிக்கும் புதுக் கொதிகலன் வைப்பார்களாம். கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். பாதிச் செலவை ஒரு நிதியம் தரும், மீதியை ஆலை போடும். நிலக்கரிச் செலவு குறைந்தால் மூடிக்கிடக்கும் பிழிகூடத்தைத் திறந்து, வேலையிலிருந்து நிறுத்திய பெண்களைத் திரும்ப எடுப்பார்களாம். மேலாளர் துர்தியலி ஐயா அப்பாவிடமே சொன்னார். பஸ் படியில் நின்று நீ சொன்னது நினைவிருக்கிறதா? "பிழிகூடத்தத் தெறந்தா முதல் பஸ்ஸுல வந்துருவேன்." நான் அதை ஒரு நாளும் மறக்கவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. நிதியத்திலிருந்து வரும் அம்மாள் நம் தெருப் பெண்களைக் கூட்டி, இதனால் உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்பார். அவர்கள் இல்லை என்று சொன்னால்தான் பணம். அவர்களுடைய மொழிபெயர்ப்பாளர் ஆண்களோடு இயந்திரம் பார்க்கப் போய்விடுவார். பெண்கள் கூட்டத்துக்கு நான்தான். பள்ளியில் என் ஆங்கிலம்தான் ஏதோ தேறும் என்று டீச்சர் பெயர் கொடுத்துவிட்டார்.

இன்று துர்தியலி ஐயா பள்ளி வாசலில் காரை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்க தெரு அத்தைங்க வாய் உனக்குத் தெரியுமே. ஆட்டுலேருந்து ஆரம்பிச்சு மருமக வரைக்கும் பேசுவாங்க. எல்லாத்தையும் சொல்லிட்டிருக்காத. சாரத்த மட்டும் சொல்லு. நல்லபடியா சொல்லு."

"சரிங்கய்யா."

"உங்கம்மா திரும்பி வரணுமில்ல?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அப்பா கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போட இரவுப் பணிக்குப் போய்விட்டார். கதவைத் தாழிட்டுவிட்டு, நீ விட்டுப்போன பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அதில் இப்போது உன் வாசனை இல்லை. என் வாசனைதான் வருகிறது.

உன் மகள்
சனோபர்

*

கசான்
அக்டோபர் 29

என் கண்ணே சனோபர்,

நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. மனசு வரவில்லை. தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன், யாரும் பார்க்க மாட்டார்கள்.

சரியாகச் சாப்பிடுகிறாயா? போனில் உன் குரல் மெலிந்து கேட்கிறது. நோர்பாயிடம் நான் கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறை வந்ததா இல்லையா என்று ஒரு வரி எழுதக்கூடாதா? ஆலைக் கதையெல்லாம் எழுதினாய், அதை எழுதவில்லை.

பெரியவர்கள் விஷயத்தில் நீ மாட்டிக்கொள்ளாதே. துர்தியலி சொல்கிறபடி சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. அப்பாவின் வேலை அவர் கையில் இருக்கிறது. பிழிகூடம் திறந்தால் வருவேன். வராமல் எங்கே போகப்போகிறேன்?

இங்கே இப்போதே பனி. எங்கள் தையல் பட்டறை மேஸ்திரி ரினாத் நான் கேட்காமலே எனக்கு ஒரு ஜோடி கம்பளிப் பூட்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊரிலும் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள்.

முத்தங்களுடன்
அம்மா

*

கோக்தெபா
நவம்பர் 14, இரவு

அன்புள்ள அம்மா,

காலுறை வந்தது. போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை மட்டுமாவது கிழித்துவிடு.

கூட்டம் முடிந்துவிட்டது. வந்த அம்மாளின் பெயர் மார்கிட். குட்டையாக வெட்டிய நரைமுடி. தேநீர்க் கிண்ணத்தை நம்மைப்போலவே உள்ளங்கையில் வைத்துக் குடித்தார். உங்களுக்கு ஏதாவது கஷ்டம் உண்டா என்று கேட்டார். நான் அதை நம் மொழியில் சொன்னேன். பிறகு பக்கத்து வீட்டு ஹோசியத் அத்தை தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"இந்தம்மாகிட்ட கேளு சனோபர். எனக்குக் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து ஆலைத் தொலியத்தான் என் மாடு தின்னுது. இனிமே அதக் கொதிகலன் தின்னுமாம். தின்னட்டும், வேணாங்கல. அப்ப சாயங்காலமானா நான் செம்பத் தூக்கிட்டு கொதிகலன் பக்கத்துல போய் உக்காரவா? கறக்குமா அது?"

"காம்பு எந்தப் பக்கம்னு கேளுடி!" என்று பின்னாலிருந்து யாரோ கத்த, கூடமே சிரித்து உருண்டது.

மார்கிட் அம்மாளும் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். துர்தியலி ஐயா ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "புதுக் கொதிகலன் வருவது எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சி என்கிறார்."

"அதற்கு ஏன் இவ்வளவு சிரிப்பு?" என்று கேட்டார்.

"மகிழ்ச்சியில்தான்" என்றேன்.

உடனே அவர் எழுந்து வந்து அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் சொன்னதை நான் மறக்க மாட்டேன்" என்றார். அதை அப்படியே அத்தையிடம் சொன்னேன். அம்மா, இந்தக் கூட்டத்தில் ஹோசியத் அத்தைக்கு நான் செய்த ஒழுங்கான மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான்.

இப்போது அத்தை தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். "என் கையப் புடிச்சுச் சொன்னா, மறக்க மாட்டேன்னு. நம்ம துர்தியலி வாயிலேருந்து வருமா அப்படி ஒரு வார்த்த?" தினமும் காலையில் எனக்கு ஒரு கிண்ணம் பாலேடு கொண்டுவருகிறார். "அன்னிக்கு என் நாக்கா இருந்தது நீதானடி. நாக்கு காஞ்சு போகலாமா?" என்கிறார். சூடான ரொட்டியில் தடவித் தின்கிறேன். ருசியாகத்தான் இருக்கிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

பணம் தருவது உறுதியாகிவிட்டதாம். உனக்காகத்தான் அப்படிச் சொன்னேன். எப்போது வருகிறாய்?

சனோபர்

*

கசான்
மறு ஆண்டு, அக்டோபர் 20

கண்ணே,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடவில்லை என்று கோபப்படாதே. போனில் பேசிக்கொண்டுதானே இருந்தோம்? மாலையில் கை மரத்துப்போய் விடுகிறது, பேனா பிடிக்க வரவில்லை.

நான் அறை மாறிவிட்டேன். ரினாதின் தங்கை வீட்டு மாடியில் தனி அறை. நல்ல வெயில் வரும் ஜன்னல். இனிமேல் உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்துக் காட்ட யாரும் இல்லை. பயப்படாமல் எழுது.

பிழிகூடம் திறந்துவிட்டதாக அப்பா சொன்னார். சந்தோஷம். ஆனால் இங்கே பாதியில் விட்டுவிட்டு வர முடியாது, பார்க்கலாம். ஹோசியத் விஷயத்தையே நினைத்துக்கொண்டிருக்காதே. மாடு இல்லாமல் எத்தனையோ பேர் வாழவில்லையா?

ஓர் உதவி. நோர்பாயிடம் என் கோடைச் சட்டைகளைக் கொடுத்தனுப்பு. பெட்டியின் அடியில் இருக்கும், விசேஷத்துக்கு உடுத்தும் அட்லஸ் பட்டுச் சட்டையையும் சேர்த்து. அப்பா தூங்கும்போது எடு. அவரிடம் நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா

*

கோக்தெபா
டிசம்பர் 3, இரவு

அம்மாவுக்கு,

சட்டைகளை மடித்துக் கட்டி வைத்துவிட்டேன். பட்டுச் சட்டையில் பூச்சி அரிக்கவில்லை. அப்பா தூங்கும்போதுதான் எடுத்தேன். ஆனால் அவர் தூங்கவில்லை என்று நினைக்கிறேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், மூச்சே கேட்கவில்லை.

வரப்போகிறவள் பனிக்காலத்தில் கோடைச் சட்டை கேட்க மாட்டாள். எனக்குப் பதினாறு வயதாகிறது அம்மா. தையல் பட்டறைக்கு யாரும் அட்லஸ் பட்டு உடுத்திப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் எதையும் கேட்கப்போவதில்லை. நீயும் எதையும் எழுத வேண்டாம்.

இங்கே பிழிகூடத்தில் உன் இடத்தில் இப்போது குல்சோரா நிற்கிறாள். கொஞ்ச நாள் உனக்காக அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள்.

புதுக் கொதிகலன் நல்லதுதான். பொய் சொல்லக்கூடாது. இந்த வருடம் நம் தெருவில் விழுந்த பனி மறுநாளும் வெள்ளையாகவே கிடந்தது. அப்பாவின் இருமல் பாதி குறைந்துவிட்டது. ஆனால் தொலி விற்கும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். ஒரு சாக்குகூட வெளியே வருவதில்லை, எல்லாம் நெருப்புக்கே. ஹோசியத் அத்தை கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் நின்றார். காவலாளி திருப்பி அனுப்பிவிட்டான். அத்தை கொஞ்சமும் கலங்கவில்லை. "போடா. அந்தம்மா வரட்டும். மறக்க மாட்டேன்னு சொன்னவ" என்றாராம்.

மாட்டுக்கு இப்போது வெறும் வைக்கோல்தான். விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. பாலேடு மெலிந்துகொண்டே வந்தது. கிண்ணத்தின் அடியில் போட்ட நீலப் பூ தெரியும் அளவுக்கு மெலிந்த பிறகும் அத்தை கொண்டுவருவதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்றேன். "சும்மா தின்னுடி. நான் என்ன, துர்தியலிக்கா கொடுக்கப்போறேன்?" என்றார்.

நாளை மார்கிட் அம்மாள் முறைப்படியான திறப்பு விழாவுக்கு வருகிறார். துர்தியலி ஐயா மறுபடியும் பள்ளி வாசலில் காரை நிறுத்தினார். "போன தடவ மாதிரியே, பாப்பா" என்றார். அவ்வளவுதான். அத்தையும் மாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "நாளைக்கு ஞாபகப்படுத்து. பாவம், எத்தன ஊரு சுத்துறவ, மறந்திருப்பா."

அம்மா, அவர் மறக்கவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது. இது இந்த ஊரில் எனக்கும் துர்தியலி ஐயாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

நாளை நான் உள்ளதைச் சொல்லப்போகிறேன். முதலில் அத்தையிடம், விடிந்ததும். பிறகு எல்லோர் முன்னாலும் மார்கிட் அம்மாளிடம், ஒரு வருடம் முன்பு அத்தை கேட்டதை அப்படியே, காம்பு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து. மாடுகளுக்கென்று கொஞ்சம் தொலியாவது ஒதுக்கச் சொல்வாரோ, பணத்தையே நிறுத்திவிடுவாரோ, தெரியாது. அப்பா வேலை போனாலும் போகலாம். அத்தை இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டார். நீ இருந்தால் உன் முதுகுப் பக்கம் ஒட்டிக்கொண்டு படுத்திருப்பேன்.

நீ வருவாய் என்பதற்காகத்தான் அன்று அப்படிச் சொன்னேன். இனி அந்தப் பொய்யை யாருக்காக வைத்துக்கொண்டிருப்பது?

பச்சைச் சட்டையை மட்டும் மூட்டையில் வைக்கவில்லை. நீ அதைக் கேட்கவும் இல்லை. அது எனக்கு

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, அவர் இரவுப் பணியில் இருக்கிறார், வந்தாலும் தட்ட மாட்டார், அவரிடம் சாவி இருக்கிறது. ஹோசியத் அத்தையின் குரல்.

"சனோபர், வெளக்கு எரியுதே, முழிச்சிருக்கியா? கதவத் தெறடி, குளுருது. பாலேடு கொண்டாந்திருக்கேன். சாயங்காலம் மாட்ட வாங்கினவங்க வந்து புடிச்சிட்டுப் போயிட்டாங்க. கடைசியாக் கறந்தது. காலை வரைக்கும் வெக்க மனசு வரல, இப்பவே தின்னுரு. நாளைக்கு நீ எனக்காகப் பேசணுமில்ல?"

அம்மா, நான் கதவைத்