அரைச்சுரம் கீழிருந்து

கொட்டாஞ்சேனை
14.10.1996

அன்புள்ள அப்பாவுக்கு,

மகன் இருளப்பன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் சுகம்.

போன வாரம் கொச்சிக்கடை செக்பொயின்ற்றில் என் சட்டைப்பையிலிருந்த இரும்பு உருளையைப் பார்த்து ஆமிக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். "பெடல் ஸ்டீல் கிட்டார் தந்தியில வச்சு இழுக்கிறது, சேர்" என்றேன். நம்பவில்லை. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எங்கள் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் ஹாஷிம் நானா வந்து பேசிக் கூட்டிப்போனார். "இனி இத பொக்கட்டுல போட்டுட்டு வர வாணாம் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

வேலைக்கு இன்னும் போகவில்லை. அறையில் ஸ்கேல் பழகுகிறேன். ஒவ்வொரு சுரத்துக்கும் அரைச்சுரம் கீழே உருளையை வைத்து, மெல்ல அந்தச் சுரத்துக்கு நகர்த்த வேண்டும். நேரே போய் நின்றால் வராத ஏக்கம் அப்போது வரும். இப்போதைக்குத் தந்தியை மீட்டாமல் உருளையை மட்டும் நகர்த்துகிறேன்.

யாராவது கொழும்புக்கு வந்தால் வைத்தியரின் முறிவெண்ணெய் ஒரு போத்தல் கொடுத்தனுப்புங்கள். நான் நம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் என்று தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள், இனி மறித்தால் காட்டலாம்.

தீபாவளிக்கு வர முடியாது. எழுத்து ஏன் கோணலாக இருக்கிறதென்று அம்மா கேட்டால், பஸ்ஸில் எழுதினான் என்று சொல்லுங்கள். உங்களிடம் மறைக்க முடியவில்லை அப்பா. வலது கை விரல்கள் இன்னும் மடங்கவில்லை. இடது கையால்தான் எழுதுகிறேன்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்
இருளப்பன்